தம்பிக்கு இன்ஜினியரிங் காலேஜ் தேடறீங்களா? முதல்ல இ.எம்.ஐ. கணக்கு, அப்புறம்தான் காலேஜ் பேர்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வீட்ல ஒரு கேள்வி ஆரம்பிச்சிடும்: "இவனை எந்த காலேஜ்ல சேர்க்கலாம்?" ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நிறைய வீடுகள்ல இந்தக் கேள்வி கடைசியில் அப்பாகிட்ட நிக்கறதில்லை. சிப்காட்லயோ எலக்ட்ரானிக் சிட்டியிலயோ வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆன உங்ககிட்ட வந்து நிக்கும். "நீதான் படிச்சவன், நீயே பார்த்துச் சொல்லு"ன்னு அப்பா சொல்லிடுவார்.

அதோட முடியறதில்லை. அப்பாவுக்குப் பே-ஸ்லிப் இல்லை. விவசாயம், சின்னக் கடை, இல்லைன்னா கான்ட்ராக்ட் வேலை. அதனால கல்விக் கடன் விண்ணப்பத்துல கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்துப் போடற பேனாவும் உங்க கைக்குத்தான் வரும். தம்பியோட காலேஜ் முடிவு உங்களோட கடன் முடிவும் ஆகிடுது. அதனால இந்தப் பதிவு பிளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு இல்லை, உங்களுக்கு.

சொல்ல வர்றது ஒரே விஷயம்தான்: காலேஜைப் பார்த்துட்டுக் கடனைத் தேடாதீங்க. எவ்வளவு இ.எம்.ஐ. தாங்கும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, அந்த எல்லைக்குள்ள இருக்கறதுல நல்ல காலேஜைத் தேடுங்க.

எந்த வாசல் வழியா போறோம்?

ஒரே பி.இ. பட்டத்துக்கு நாலு வாசல் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் விலை வேற.

முதல் வாசல், அரசு பொறியியல் கல்லூரி. நம்ம மாவட்டத்துலயே பர்கூர்ல 1994-லிருந்து அரசு பொறியியல் கல்லூரி இருக்கு. கொஞ்சம் தள்ளினா தர்மபுரியிலும் சேலத்திலும் இருக்கு. கட்டணம் தனியார் கல்லூரியோட ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. கட் ஆஃப் தொட்டா முதல்ல நிரப்ப வேண்டிய சாய்ஸ் இதுதான்.

இரண்டாவது, டி.என்.இ.ஏ. கவுன்சலிங் மூலமா தனியார் கல்லூரி. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் கவுன்சலிங்குக்குக் கொடுக்கணும்.

மூணாவது, அதே கல்லூரியோட மேனேஜ்மென்ட் கோட்டா.

நாலாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம், அல்லது அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு காலேஜ்.

இரண்டாவது வாசலுக்கும் மூணாவது வாசலுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனிங்க. 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வச்ச தொகை இது: கவுன்சலிங் சீட்டுக்கு ஆண்டுக்கு 50,000, என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுன்னா 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தா 87,000. இப்போ உங்க தம்பி சேரப்போற வருஷத்துக்கு என்ன தொகைன்னு தனியா சரிபாருங்க. ஆனா இதுல ஒண்ணு புரியுதா? சட்டப்படி இருந்த வித்தியாசம் வருஷத்துக்கு 32,000-லிருந்து 35,000 வரைதான். நாலு வருஷத்துக்குச் சேர்த்தாலும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. அதுக்கும் மேல ஒருத்தர் லட்சக்கணக்குல கேட்டா, அது கட்டணம் இல்லை, நன்கொடை. அதைத் தடுக்கத் தமிழ்நாட்டுல 1992-லிருந்தே தனிச் சட்டம் இருக்கு. ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கல்விக் கடன் தராது. அதனாலதான் அந்தப் பணம் அம்மாவோட நகை அடகுக் கடையிலிருந்தோ, உங்க பெர்சனல் லோனிலிருந்தோ வருது. ரெண்டுக்கும் வட்டி முதல் மாசத்துலயே ஓட ஆரம்பிச்சிடும்.

கவுன்சலிங்ல சேர்ந்தா கூட வர்ற சலுகைகள்

தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிச்சவரா? 2021-லிருந்து பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. அதுல சேர்ந்தா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாத்தையும் அரசே ஏத்துக்குது. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். இவ்வளவு கையில் இருக்கறப்போ, "நல்ல காலேஜ்"னு யாரோ சொன்னாங்கன்னு மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போறது நஷ்டக் கணக்கு.

முதல் பட்டதாரி சலுகை பத்தி ஒரு எச்சரிக்கை. தனியார் கல்லூரியில் கவுன்சலிங் மூலமா சேர்ற முதல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 25,000 வரை கல்விக் கட்டணம் குறையும். ஆனா குடும்பத்துல ஏற்கெனவே ஒருத்தர் பட்டம் வாங்கியிருந்தா அது கிடைக்காது. நீங்க பி.இ.யோ பி.எஸ்சி.யோ முடிச்சிருந்தா, அந்த வீட்ல முதல் பட்டதாரி நீங்கதான், தம்பி இல்லை. நிறைய பேர் இந்த ஒரு லட்சத்தையும் கணக்குல சேர்த்துட்டு கடைசி நேரத்துல திணறுறாங்க. நீங்க டிப்ளமோ மட்டும் முடிச்சவரா இருந்தா, விட்டுடாதீங்க; இ-சேவை மையத்துல விண்ணப்பிக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க.

வருஷம் 1 லட்சம், வருஷம் 3 லட்சம்: என்ன ஆகும்?

ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ரெண்டும் உதாரணம்தான்.

முதல் தம்பி கவுன்சலிங் சீட்டுல, வீட்டிலிருந்தே காலேஜ் பஸ்ல போறார். கட்டணம், பஸ், தேர்வு, புத்தகம் எல்லாம் சேர்த்து வருஷம் 1 லட்சம். இரண்டாவது தம்பி வெளியூர் தனியார் பல்கலைக்கழகம், ஹாஸ்டல், மெஸ். வருஷம் 3 லட்சம். ரெண்டு பேருக்கும் முழுத் தொகையும் கல்விக் கடன், வட்டி 10 சதவீதம்.

கல்விக் கடன்ல படிக்கிற நாலு வருஷமும், அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். இதைக் கேட்டதும் நிறைய பேர் "அஞ்சு வருஷம் ஃப்ரீ"ன்னு நினைக்கிறாங்க. தவணைதான் இல்லை, வட்டி ஓடிட்டே இருக்கும். முதல் வருஷம் வாங்கின பணத்துக்கு அஞ்சு வருஷ வட்டி, கடைசி வருஷம் வாங்கினதுக்கு ரெண்டு வருஷ வட்டி.

அந்தக் கணக்குப்படி, முதல் தம்பி வாங்கினது 4 லட்சம். தவணை தொடங்குற அன்னைக்கு பாக்கி 5.4 லட்சம். பத்து வருஷத்துல அடைக்க இ.எம்.ஐ. சுமார் 7,140.

இரண்டாவது தம்பி வாங்கினது 12 லட்சம். தவணை தொடங்கும்போது 16.2 லட்சம். இ.எம்.ஐ. சுமார் 21,400. பத்து வருஷத்துல மொத்தமா கட்டறது ஏறத்தாழ 25.7 லட்சம்.

இப்போ எதிர்ப்பக்கம் பாருங்க. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள்ல புதுசா சேர்றவங்களுக்கு ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டியேதான் பல வருஷமா நிக்குது. பிடித்தம் போக கையில் 25,000 வருதுன்னு வச்சுக்கலாம். முதல் தம்பி 7,140 கட்டிட்டு பெங்களூருல பி.ஜி. வாடகையும் கொடுத்துச் சமாளிச்சுடுவார். இரண்டாவது தம்பிக்கு 21,400 போக 3,600 ரூபாய் மிச்சம். அப்போ தவணை யார் கணக்குலேருந்து போகும்னு நான் சொல்லவே வேண்டாம்.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்க

நம்ம சேனல்ல வீட்டுக் கடனுக்குச் சொல்ற அதே முறைதான். தொடக்கச் சம்பளத்துல கால் பங்குக்கு மேல கல்விக் கடன் தவணை போகக் கூடாது. கையில் 25,000 வரும்னா, தவணைக்கு 6,000 ரூபாய்.

10 சதவீத வட்டி, பத்து வருஷம், மாசம் 6,000 ரூபாய். இது தாங்கற கடன் சுமார் 4.5 லட்சம். படிக்கும்போது வட்டி கட்டாம விட்டா அது கூடும்கறதால, வாங்கக் கூடிய அசல் சுமார் 3.35 லட்சம், அதாவது வருஷத்துக்கு 84,000. படிக்கும்போதே மாசா மாசம் வட்டியை நீங்க கட்டிட்டு வந்தா, 4.5 லட்சம் வரை வாங்கலாம். வருஷம் 1 லட்சம் வாங்கின தம்பிக்கு அந்த வட்டி முதல் வருஷம் மாசம் 833 ரூபாய், நாலாவது வருஷம் 3,333 ரூபாய்தான். இப்படி வட்டி கட்டிட்டு வந்தா சில வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கவும் செய்யுது. தம்பிக்கு நீங்க செய்யக் கூடிய நல்ல உதவி இதுதான்: பெரிய கடனுக்குக் கையெழுத்து இல்லை, சின்னக் கடனுக்கு வட்டி.

இதுக்கு மேல செலவு ஆகும்னா, மிச்சம் அப்பாவோட சேமிப்புலயோ உங்க சேமிப்புலயோ ரொக்கமா இருக்கணும். இல்லைன்னா அந்த காலேஜ் நம்ம பட்டியல்ல இல்லை.

உங்க கையெழுத்து என்னென்ன செய்யும்?

ஒண்ணு, அந்தக் கடன் உங்க சிபில் ரிப்போர்ட்லயும் ஏறும். தம்பி ஒரு தவணை தவறினா உங்க ஸ்கோரும் இறங்கும்.

ரெண்டு, உங்க வீட்டுக் கடன். கையில் 32,000 சம்பளம்னு வச்சுக்குவோம். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்துல பாதிக்குள்ள இருக்கணும்னு வங்கி பார்த்தா, உங்களுக்கு 16,000 வரை இடம் இருக்கு. 8.5 சதவீதம், 20 வருஷம்னா சுமார் 18 லட்சம் வீட்டுக் கடன் கிடைக்கும். தம்பியோட 7,140 அதுல கழிஞ்சா சுமார் 10 லட்சம்தான். 21,400 கழிஞ்சா ஒண்ணுமே இல்லை. ஓசூர்ல மனை விலை எங்க நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

மூணு, அடமானம். பொதுவான கல்விக் கடன் திட்டத்துல 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாம கிடைக்கும். அதைத் தாண்டினா பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பாங்க. 12 லட்சம் கடன்னா, அப்பா கட்டின வீடும் அந்த டிகிரியோட சேர்ந்து பரீட்சை எழுதுது.

நாலு, வரி. கல்விக் கடன் வட்டிக்கு 80-இ பிரிவுல வரிக் கழிவு உண்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது தனக்கு, மனைவி அல்லது கணவருக்கு, பிள்ளைகளுக்கு வாங்கின கடனுக்கு மட்டும். இல்லைன்னா நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கணும். தம்பி, தங்கைக்கு வாங்கினா உங்களுக்குக் கழிவு கிடையாது. அதுவும் பழைய வரி முறையில் இருக்கறவங்களுக்குத்தான். தம்பி வேலைக்குப் போனதும் அவரே கட்டினா அவர் கேட்கலாம். அதனால முதன்மைக் கடனாளியா தம்பி பேர் இருக்கணும். தவணை அவர் கணக்குலேருந்து போகணும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு ஏத்துக்கற மானியத் திட்டம் இருக்கு. வித்யாலட்சுமி இணையதளத்துல விண்ணப்பிக்கும்போதே இதுக்குத் தகுதி இருக்கான்னு பாருங்க. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு வர்ற கடன்கள்ல வங்கிகள் கூடுதலா யோசிப்பாங்க. மெரிட்ல வந்த சீட்டுன்னா பேச்சே எளிது.

காலேஜ் சொல்றதை எப்படிச் சரிபார்ப்பது?

பட்ஜெட்டுக்குள்ள பத்து காலேஜ் கிடைச்சிருக்குன்னு வச்சுக்குவோம். ஃபிளக்ஸ் பேனர்ல இருக்கற "அதிகபட்ச சம்பளம்" நம்ம வேலைக்கு ஆகாது. அது ஒரே ஒரு பையன் வாங்கினது.

முதல்ல என்.ஐ.ஆர்.எஃப். தரவைத் தேடுங்க. தேசிய தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற காலேஜ், ரேங்க் வந்தாலும் வராட்டியும், தான் கொடுத்த விவரத்தைத் தன்னோட இணையதளத்துல போடணும். அதுல நாலு எண்களைப் பாருங்க: முதல் வருஷம் சேர்ந்தவங்க எத்தனை, நாலே வருஷத்துல அரியர் இல்லாம முடிச்சவங்க எத்தனை, வேலை கிடைச்சவங்க எத்தனை, அவங்களோட மீடியன் சம்பளம் என்ன. மீடியன்னா வரிசையில் நடுவுல நிக்கறவர் வாங்குறது. உங்க தம்பி அங்க சேர்ந்தா எதிர்பார்க்க வேண்டிய தொகை அதுதான். 300 பேர் சேர்ந்து 180 பேர் முடிச்சு 110 பேருக்கு வேலைன்னா, "90 சதவீத பிளேஸ்மென்ட்"னு பேனர்ல எப்படி வந்ததுன்னு நேர்லயே கேட்கலாம். இது காலேஜ் தானே கொடுக்கற கணக்கு, எல்லாப் பிரிவும் சேர்ந்தது. அதனால ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காம மூணு வருஷத்தை வரிசையா வச்சுப் பாருங்க.

ரெண்டாவது, என்.பி.ஏ. அங்கீகாரம். இது காலேஜுக்குக் கொடுக்கறது இல்லை, பாடப்பிரிவுக்குக் கொடுக்கறது. மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதுசா ஆரம்பிச்ச ஏ.ஐ. பிரிவுக்கு இருக்காது. எந்தத் தேதி வரைன்னும் பாருங்க.

மூணாவது, தேர்ச்சி விகிதம். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளோட செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுது. ஆனா தன்னாட்சிக் கல்லூரிகள் கேள்வித்தாளைத் தாங்களே எடுக்கறாங்க, தேர்வைத் தாங்களே நடத்தறாங்க. ஓசூர் அதியமான் மாதிரி தன்னாட்சிக் கல்லூரியையும், தன்னாட்சி இல்லாத கல்லூரியையும் தேர்ச்சி விகிதத்தை வச்சு ஒப்பிடக் கூடாது.

நாலாவது, மாலை நாலரை மணிக்கு காலேஜ் பஸ் நிக்கிற இடத்துக்குப் போங்க. மூணாம் வருஷம், நாலாம் வருஷம் பசங்ககிட்ட கேளுங்க: "லேப்ல மெஷின் ஓடுதா? இந்த வருஷம் எத்தனை சார் வேலையை விட்டுப் போனாங்க? கேம்பஸ்க்கு எந்தக் கம்பெனி வந்துச்சு, என்ன வேலைக்கு எடுத்துச்சு?" அட்மிஷன் ஆபீஸ் ஒரு மணி நேரம் சொல்றதை விட அந்தப் பத்து நிமிஷம் நிறைய சொல்லும்.

எந்தப் பிரிவு? ஓசூர்க்காரர் பார்வையில்

எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கறாங்க. ஒரு பாடப்பிரிவுல எத்தனை இடம் வைக்கலாம்கற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-ல் நல்லா நடக்கிற கல்லூரிகளுக்கு எடுத்துடுச்சு. அதனால கம்ப்யூட்டர் இடங்கள் பெருகியிருக்கு. சீட் சுலபமா கிடைக்குதுங்கறது நல்ல செய்திதான். அதே சீட்டோட நாலு வருஷம் கழிச்சு வரிசையில் நிக்கப் போறவங்களும் பெருகியிருக்காங்க.

நமக்கு இங்க ஒரு வசதி இருக்கு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் நாப்பது வருஷமா இருக்கற ஊர். இப்போ ஏத்தர் ஓசூர்ல, ஓலா போச்சம்பள்ளியில், டாடா எலக்ட்ரானிக்ஸ் தேன்கனிக்கோட்டை பக்கம். மெக்கானிக்கல், இ.இ.இ., இ.சி.இ. படிச்சவங்களுக்கு வாசல் பக்கத்துலயே இருக்கு. ஆனா கண்ணை மூடிட்டு நம்பவும் வேண்டாம். ஷாப் ஃப்ளோர்ல ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரின்னு தனித்தனியா எடுக்கறாங்க. டிகிரி முடிச்சிட்டு டிப்ளமோ லெவல் டிரெயினி சம்பளத்துல சேர்ந்தவங்களை நீங்களே பார்த்திருப்பீங்க.

கட் ஆஃப் குறைவா இருந்து, தம்பிக்குக் கையால வேலை செய்யறதுல ஆர்வம் இருந்தா, பாலிடெக்னிக் ஒரு கௌரவக் குறைச்சல் இல்லை. டிப்ளமோ முடிச்சா லேட்டரல் என்ட்ரியில் நேரா பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம். பிளஸ் டூ முடிச்சவங்க பாலிடெக்னிக்லயே நேரா இரண்டாம் வருஷம் சேரவும் வழி இருக்கு. ஏனோதானோன்னு ஒரு காலேஜ்ல நாலு வருஷம் போய் பத்து அரியரோட வெளிய வர்றதை விட இது மேல்.

எல்லை தாண்டலாமா?

பஸ் ஏறினா அரை மணியில் கர்நாடகா. அதனால "பெங்களூருல சேர்த்துட்டா வேலை சுலபம்"னு ஒரு நினைப்பு. கர்நாடகாவோட சி.இ.டி. அரசு இடங்கள் பெரும்பாலும் அந்த மாநிலத்துல படிச்சவங்களுக்கு. கன்னடத்தைத் தாய்மொழியா கொண்ட எல்லைப் பகுதி மாணவர்களுக்குச் சில விதிவிலக்கு இருக்கு. உங்க வீட்டுக்குப் பொருந்துமான்னு பாருங்க. மத்தவங்களுக்கு காமெட்-கே நுழைவுத் தேர்வு இருக்கு, வெளிமாநிலத்தவரும் எழுதலாம். கட்டணம் பொதுவா வருஷத்துக்கு 2 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். டி.என்.இ.ஏ.வோட வர்ற முதல் பட்டதாரி சலுகையும் 7.5 சதவீதமும் அங்க வராது. நல்ல ரேங்க் எடுத்து நல்ல காலேஜ் கிடைச்சா யோசிக்கலாம். ஏஜென்ட் போன் பண்ணி "சீட் இருக்கு சார்"னு சொல்றது அந்த வகை இல்லை. அவருக்கு கமிஷன் கொடுக்கறது காலேஜ், காலேஜுக்குக் கொடுக்கறது நீங்க.

எலக்ட்ரானிக் சிட்டியில் இன்டர்வியூ எடுக்கறவர் காலேஜ் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேட்க மாட்டார். கோடு எழுதச் சொல்லுவார்.

அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி

ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே "சீட் பிளாக்" பண்ணச் சொல்லி 25,000, 50,000 கேட்பாங்க. கவுன்சலிங் முடியற வரை எதுவும் கட்டாம இருக்கறது நல்லது. கட்டியே ஆகணும்னா, காலேஜ் பேர்ல, ரசீதோட, வங்கி வழியா மட்டும். கடைசித் தேதிக்குள்ள இடத்தை ரத்து பண்ணினா அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடிச்சுட்டு மீதியைத் திருப்பித் தரணும்னு ஏ.ஐ.சி.டி.இ. விதி இருக்கு. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் பிடிச்சு வைக்கக் கூடாது. ரசீது இல்லைன்னா இந்த விதியால எந்தப் பயனும் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அப்பா, அம்மா, தம்பி மூணு பேரையும் உட்கார வச்சு ஒரு நோட்டுல நாலு வரி எழுதுங்க. கையில் இருக்கற ரொக்கம் எவ்வளவு. நாலு வருஷத்துக்கு மாசா மாசம் நீங்க கொடுக்கக் கூடியது எவ்வளவு. கடன் எல்லை எவ்வளவு. இதெல்லாம் சேர்ந்தா வருஷத்துக்கு எவ்வளவு. அந்த நாலாவது வரிதான் தம்பியோட பட்ஜெட். அதுக்குள்ள வர்ற காலேஜ்களை, போன வருஷ கட் ஆஃப் வச்சு வரிசைப்படுத்தி, சாய்ஸ் நிரப்பச் சொல்லுங்க. நிரப்பறது தம்பியா இருக்கட்டும். படிக்கப் போறது அவர்தான்.

"அண்ணன் இருந்தும் செய்யலை"ங்கற பேச்சு சொந்தத்துல வரும். வரட்டும். 16 லட்சம் பாக்கியோட தவணை தொடங்குற தம்பி, பிடிக்காத வேலையைக் கூட விட முடியாம மாட்டிக்குவார். 5.4 லட்சத்தோட தொடங்குறவர் ஒரு வருஷம் குறைஞ்ச சம்பளத்துல நல்ல வேலை கத்துக்கலாம், ஓசூர் சரிப்படலைன்னா சென்னைக்கோ புனேவுக்கோ போகலாம். அந்தச் சுதந்திரத்தைத்தான் நீங்க அவருக்குக் கொடுக்கறீங்க.